சபருக்கு ஏற்ற மடிக்கணினி

கடல் கடந்து சென்று பொருளீட்டுவது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், கூத்தாநல்லூர் என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும் சபர் போய் வந்தவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. பர்மா, மலாயா, இலங்கை, ஹாங்காங் என்று முன்னோர் சென்ற திசைகளோடு பிற்காலத்தில் வளைகுடா நாடுகளும் சேர்ந்துகொண்டன. ‘சபராளி’ என்று ஒரு சொல்லையே நம் பேச்சுவழக்கு ஆக்கிக்கொண்டது.

அந்நாளைய சபராளியின் பெட்டியில் பேரேடு இருந்தது, சிட்டை இருந்தது, விலைப்பட்டியலும் முகவரிப் புத்தகமும் இருந்தன. இன்று அவை அனைத்தும் மடிக்கணினி என்னும் ஒரு பலகைக்குள் அடங்கிவிட்டன. எனவே வெளியூரில் இக்கருவி நின்றுபோனால், கடையே பூட்டப்பட்டதற்கு ஒப்பாகும். வணிகர்கள் மட்டுமல்லர், பணியின் பொருட்டுப் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவரும் நம் பிள்ளைகளும் இதே நிலையில்தான் உள்ளனர்.

பயணத்துக்கென்றே மெலிந்த, எடை குறைந்த வணிக மடிக்கணினிகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் உயர்ந்த வகைகளின் விலை லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அது. இவ்வளவு பணத்தைக் கொடுக்கு முன், கடைக்காரர் காட்டும் பளபளப்பையும் விளம்பரத்தில் அச்சிட்ட எண்களையும் தாண்டி நாம் ஆராய வேண்டியவை எவை? அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடை குறைந்த வரலாறு

1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்போர்ன் 1 என்றொரு கணினி விற்பனைக்கு வந்தது. ‘கையில் எடுத்துச் செல்லலாம்’ என்று சொல்லி விற்கப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ! திரையோ 5 அங்குலம். சுவரிலுள்ள மின்சாரம் இன்றி அது இயங்காது. 1992இல் ஐ.பி.எம். நிறுவனம் திங்க்பேட் 700சி என்னும் கருநிறக் கணினியை வெளியிட்டபோது எடை ஏறத்தாழ 3 கிலோவாகக் குறைந்திருந்தது.

2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகத்தில் கடிதம் வைக்கும் காகித உறை ஒன்றிலிருந்து மேக்புக் ஏர் கணினியை உருவி எடுத்துக் காட்டினார். எடை 1.36 கிலோ. உலகமே வியந்தது. ஆனால் அவ்வியப்புக்கிடையே பலர் காணத் தவறியவை சில உண்டு. அக்கணினியில் குறுந்தட்டு இயக்கி இல்லை, வலைக்கம்பி செருகும் துளை இல்லை, யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்றுதான். பேட்டரி எனப்படும் மின்கலத்தைப் பயனாளர் தாமே கழற்றி மாற்ற முடியாது. ராம் எனப்படும் நினைவகமோ தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது.

2011இல் இன்டெல் நிறுவனம் ‘அல்ட்ராபுக்’ என்னும் பெயரை அறிவித்தபின் ஏனைய நிறுவனங்களும் இவ்வழியே நடந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிப் பிரிவை 2005இல் வாங்கிய லெனோவோ, 2012இல் எக்ஸ்1 கார்பன் என்னும் வணிக மடிக்கணினியைக் கொணர்ந்தது. கரியிழையால் வலுவூட்டப்பட்ட உடல், எடை 1.36 கிலோ. 2024இல் அறிவிக்கப்பட்ட அதன் பதின்மூன்றாம் தலைமுறைக் கணினியின் எடையோ 1 கிலோவுக்கும் குறைவு.

இவ்வரலாறு நமக்குக் கற்றுத்தரும் பாடம் ஒன்றுண்டு. எடை தானாகக் குறைவதில்லை. ஒவ்வொரு கிராமைக் குறைக்கும்போதும் உற்பத்தியாளர் ஒன்றைக் கைவிட்டிருக்கிறார், அல்லது விலை உயர்ந்த பொருளொன்றை அதனிடத்தில் வைத்திருக்கிறார். கைவிடப்பட்டது எது? அஃது இல்லாமல் நம் பயணம் நடக்குமா? மெலிந்த கணினியை மதிப்பிடுவது என்பது இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதேயாகும்.

பையை நிறுங்கள்

விளம்பரத்தில் காணும் எடை கணினியின் எடை மட்டுமே. பயணியின் தோளோ பையைச் சுமக்கிறது. எனவே நிறுக்கப்பட வேண்டியது பைதான்.

பெரும்பாலான விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்புப் பயணி கையில் எடுத்துச் செல்ல 7 கிலோ அனுமதிக்கின்றன. பெரியமேட்டிலிருந்து தோல் வணிகத்தின் பொருட்டு ஹாங்காங் செல்லும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவரிடம் 2.2 கிலோ எடையுள்ள பழைய வகை மடிக்கணினியும் அரைக் கிலோச் சார்ஜரும் இருக்குமாயின், 1 கிலோப் பையையும் சேர்த்து 3.7 கிலோ போய்விடும். எஞ்சுவது 3.3 கிலோ. மாதிரித் தோல்களுக்கும் மாற்றுடைக்கும் அதுவே இடம். அவர் 1.1 கிலோக் கணினியும் 200 கிராம் சார்ஜரும் கொண்டு சென்றால் எஞ்சுவது 4.7 கிலோ. இந்த 1.4 கிலோ வேறுபாடு மெய்யான நன்மைதான், மறுப்பதற்கில்லை.

ஆயினும் கணக்கு அத்துடன் முடிவதில்லை. கணினியில் துளைகள் போதாவிட்டால் இணைப்பான்கள் வாங்க வேண்டும். மின்கலம் போதாவிட்டால் பவர் பேங்க் வாங்க வேண்டும். விசைப்பலகை கைக்கு ஒத்துவராவிட்டால் வேறொன்று வாங்க வேண்டும். கணினியில் குறைந்த எடை இவ்வாறு பையில் வந்து சேர்ந்துவிட்டால், கொடுத்த பணத்துக்கு என்ன பயன்? வாங்குமுன் அக்கணினியோடு தாம் கொண்டு செல்லவேண்டிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

மின்கலக் கணக்கு

‘இருபது மணி நேரம் உழைக்கும்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஒளியைக் குறைத்து, ஒரே காணொளியை ஓட்டி எடுத்த அளவாக அஃது இருக்கலாம். இதனை நாமே கணக்கிட எளிய வழி உண்டு. மின்கலத்தின் கொள்ளளவு ‘வாட் மணி’ என்னும் அலகால் குறிக்கப்படும். 60 வாட் மணி கொண்ட மின்கலத்திலிருந்து கணினி 6 வாட் எடுத்தால் 10 மணி நேரம் வரும். காணொளிக் கூட்டம், பல சாளரங்கள், முழு ஒளித்திரை என்று 12 வாட் எடுத்தால் 5 மணி நேரமே வரும். ஆகவே மணிக் கணக்கைக் கேளாமல், ‘எத்தனை வாட் மணி?’ என்று கேட்டுப் பழகுங்கள். எடையைக் குறைக்க முனைவோர் கை வைக்கும் முதல் இடங்களுள் ஒன்று மின்கலம் என்பதை மறவாதீர்கள்.

விமானத்தில் இதற்கென விதியும் உண்டு. 100 வாட் மணி வரையுள்ள லித்தியம் மின்கலங்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். தனி மின்கலமும் பவர் பேங்கும் கைப்பையில்தான் செல்ல வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கலாகாது. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அதே ஆண்டு அக்டோபர் முதல் எமிரேட்ஸும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தன. எனவே ‘மின்கலம் சிறிதானால் என்ன, பவர் பேங்க் இருக்கிறதே’ என்னும் சமாதானம் வானத்தில் செல்லாது. கணினிக்குள் இருக்கும் மின்கலமே துணை.

மின்கலம் தேய்ந்துபோகும் பொருள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெப்பம் அதன் பகை. சென்னைக் கோடையில் மூடிய காருக்குள் கணினியை விட்டுச் செல்வோர் அதன் ஆயுளைத் தாமே குறைக்கின்றனர். சில ஆண்டுகளில் மின்கலத்தை மாற்ற வேண்டிவரும். அது திருகாணியால் பொருத்தப்பட்டுள்ளதா, பசையால் ஒட்டப்பட்டுள்ளதா என்று இப்பொழுதே விசாரித்து வைப்பது நலம்.

மெலிவுக்குக் கொடுக்கும் விலை

மெலிந்த கணினிகளுள் பெரும்பாலானவற்றில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாது. பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் செயலியின் உறைக்குள்ளேயே அமைந்திருக்கும். ‘இப்பொழுது 8 ஜி.பி. வாங்குவோம், பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்னும் பழைய சிக்கனம் இங்கே பலிக்காது. ஐந்தாண்டுகள் உழைக்க வேண்டுமாயின் தொடக்கத்திலேயே 16 ஜி.பி. இருத்தல் நன்று. தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. பலவற்றில் கழற்றி மாற்றத்தக்கதாகவே உள்ளது. எனினும் மாதிரிக்கு மாதிரி கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, வெப்பம். செயலி உழைக்கும்போது சூடு பிறக்கும். மெல்லிய உடலில் அச்சூடு வெளியேறப் போதிய இடமில்லை. எனவே குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடையின் குளிரூட்டிய அறையில் ஐந்து நிமிடம் பார்க்கும்போது இது தெரியாது. கணக்கெழுதுவோர்க்கும் கடிதம் வரைவோர்க்கும் இதனால் இடரில்லை. காணொளி தொகுப்போரும் பெரிய வரைபடங்கள் வரைவோரும் சற்றே தடித்த கணினியை நாடுவது அறிவுடைமை.

மூன்றாவது, இணைப்புத் துளைகள். யு.எஸ்.பி. சி வகைத் துளைகள் இரண்டாவது இருக்க வேண்டும். ஒன்றில் மின்சாரம் ஏறும்போது மற்றொன்று வேலைக்கு வேண்டுமல்லவா? பழைய வகை யு.எஸ்.பி. துளை ஒன்றும், திரைப்பெருக்கியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளையும் இருப்பின் இணைப்பான்களின் சுமை குறையும். அயலூர்க் கூட்ட அறையில் இணைப்பான் தேடி நிற்பது வணிகர்க்கு அழகன்று.

‘வணிக’ என்னும் அடைமொழி

லெனோவோவின் திங்க்பேட், எச்.பி.யின் எலைட்புக், டெல்லின் லாட்டிடியூட் (2025 முதல் டெல் புரோ என்னும் பெயரில்) ஆகியன வணிக வரிசைகள். வீட்டு உபயோகக் கணினியினும் இவை விலை மிகுந்தன. காரணம் வேகம் அன்று. அதே செயலி குறைந்த விலைக் கணினியிலும் கிடைக்கும். உறுதியான கீல், ஒளியைப் பிரதிபலிக்காத திரை, நெடுநேரம் தட்டத்தக்க விசைப்பலகை, தகவல் காப்புக்கான சில்லு, பழுதானால் இருக்குமிடம் தேடிவந்து சரிசெய்யும் சேவை ஒப்பந்தம் ஆகியவற்றுக்காகவே கூடுதல் விலை.

‘இராணுவத் தரச் சோதனை’ என்னும் விளம்பரத்தையும் காண்கிறோம். மில் எஸ்.டி.டி. 810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து உற்பத்தியாளரே சோதித்துக்கொள்கிறார், அல்லது பிறரைக் கொண்டு சோதிக்கிறார். இராணுவம் அளித்த நற்சான்று என்று அதனைப் பொருள் கொள்ளலாகாது. திரையை ஒரு கையால் மெல்லத் திறந்து பாருங்கள். மூடியின் நடுவில் இலேசாக அழுத்திப் பாருங்கள். விசைப்பலகை வளைகிறதா என்று நோக்குங்கள். இவ்வெளிய சோதனைகள் உங்கள் கையிலேயே உள்ளன.

பயணிக்குச் சேவை ஒப்பந்தமே உயிர்நாடி. ஒப்பந்தம் இந்தியாவுக்குள் மட்டும் செல்லுமா, துபாயிலும் கோலாலம்பூரிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். டெல் நிறுவனம் நம் ஸ்ரீபெரும்புதூரில் 2007இல் ஆலை தொடங்கியது உண்மையே. ஆனால் பக்கத்தில் ஆலை இருப்பதனாலேயே நம் கணினிக்கு வேண்டிய உறுப்பு உடனே கிடைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. பழுது நீங்க எத்தனை நாளாகும் என்பதே கேள்வி.

திரையும் எழுத்தும்

திரையளவில் பயணத்துக்கு 14 அங்குலம் நடுநிலையானது. விமான இருக்கையின் சிறு பலகையில் 15 அங்குலக் கணினியை முழுதும் திறப்பது கடினம். 12 அங்குலத்தில் பேரேட்டின் எண்கள் கண்ணை வருத்தும். 16க்கு 10 என்னும் விகிதமுள்ள திரையில் பட்டியலின் வரிகள் சற்றுக் கூடுதலாகத் தெரியும். நாற்பதைக் கடந்தோர் தம் கண்ணாடியை அணிந்துகொண்டு, தாம் அன்றாடம் காணும் கணக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு ஒரு நற்செய்தி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட ‘தமிழ் 99’ விசைமுறை இன்றைய கணினிகளில் உள்ளிருந்தே கிடைக்கிறது. வளைகுடா நாடுகளில் விற்கப்படும் கணினிகளின் விசைகளில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அரபி தட்டெழுதுவோர்க்கு அது வசதி, ஏனையோர்க்குத் தடையில்லை.

எல்லை கடக்கும்போது

நம் நாட்டுச் செருகிகளின் முனைகள் உருண்டை. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் ஆகிய இடங்களிலோ மூன்று தட்டை முனைகள் கொண்ட பிரிட்டிஷ் வகைச் செருகியே பெருவழக்கு. எனவே மாற்றுச் செருகி ஒன்று பையில் இருக்கட்டும். யு.எஸ்.பி. சி வழியே மின்னேற்றும் கணினியாயின் ஒரே சார்ஜர் கைப்பேசிக்கும் கணினிக்கும் பயன்படும். தொலைந்துபோனாலும் எவ்வூர்க் கடையிலும் மற்றொன்று வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் இத்துளையைக் கட்டாயமாக்கி 2022இலேயே சட்டம் இயற்றியது. தனி வகைச் சார்ஜர் கேட்கும் கணினியைப் பயணத்துக்கென்று வாங்காதிருப்பதே நன்று.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் பதினெட்டு வயது நிரம்பிய பயணி, ஒரு மடிக்கணினியைச் சுங்கவரியின்றிக் கொண்டுவர நம் நாட்டு விதி இடமளிக்கிறது. ஆனால் அங்கே மலிவு என்று வாங்குவோர் சேவை ஒப்பந்தம் இங்கே செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே வாங்கும் வணிகரோ 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி செலுத்துகிறார். தம் வணிகப் பதிவு எண்ணோடு பட்டியல் பெற்றுக்கொண்டால், தகுதியுடையோர் அவ்வரியைத் தம் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

2017 மார்ச்சில் நிகழ்ந்ததைப் பலர் மறந்திருக்கக்கூடும். துபாய், தோஹா, ஜித்தா, ரியாத், குவைத் உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா செல்வோர் கைப்பேசியினும் பெரிய மின்னணுக் கருவியைக் கையில் கொண்டு செல்லக் கூடாது என்று அந்நாடு தடை விதித்தது. மடிக்கணினிகள் சரக்கறைக்குச் சென்றன. அவ்வாண்டு ஜூலைக்குள் தடை விலக்கப்பட்டது. கருவி எந்நேரமும் நம் கையை விட்டுப் போகலாம் என்பதற்கு அஃதொரு சான்று. திருட்டும் மறதியும் அதனினும் அடிக்கடி நிகழ்வன.

ஆகவே பயணம் புறப்படுமுன், சேமிப்பகத்தைப் பூட்டெழுத்தாக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் உள்ளோரிடம் கொடுத்துச் செல்லுங்கள். கணக்குகளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பல இல்லங்களில் வணிகர் சபரில் இருக்கும்போது கணக்கைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய மனைவியோ மகளோ ஆவர். அவர்களுக்கு அந்நகலைத் திறக்கத் தெரிந்திருப்பது, எந்த விலையுயர்ந்த கணினியினும் பெரிய காப்பு.

புதிதா, பழையதா?

லட்சம் கொடுக்க இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த வணிக மடிக்கணினிகள், சீர்செய்யப்பட்டுச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. உறுதியாகச் செய்யப்பட்டவையாதலால், அதே விலைக்குக் கிடைக்கும் புதிய சாதாரணக் கணினியினும் இவை சிலவேளை மேலானவை. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11க்கு, இன்டெல் வகையில், பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எனவே அதற்கு முந்தியவற்றைத் தவிருங்கள். மின்கலம் தேய்ந்திருக்கும் என்று கொண்டு, புதிய மின்கலத்தின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

ஒரு நாள் சோதனை

கணினி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் காலம் முடியுமுன், அதனைப் பயணத்துக்கு உட்படுத்திப் பாருங்கள். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. சென்னையில் இருப்போர்க்குக் கோட்டூர்புரமே போதும். 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், தம் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போர்க்கென்றே ஒரு பகுதி உண்டு. பயணத்தில் எடுத்துச் செல்லும் அனைத்தையும் பையில் இட்டு, தோளில் மாட்டி, பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கி நடந்து செல்லுங்கள். தோள் தன் தீர்ப்பைச் சொல்லும்.

உள்ளே சென்று, மின்செருகி இல்லாத இடத்தில் அமர்ந்து, சார்ஜரைப் பையிலேயே விட்டுவிட்டு, உங்கள் அன்றாட வேலையைச் செய்யுங்கள். கடிதம் எழுதுங்கள், கணக்கைக் கூட்டுங்கள், படிவங்களைத் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் மின்கலத்தில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10 விழுக்காடு குறைந்தால் பத்து மணி நேரம் வரும். 20 குறைந்தால் ஐந்தே மணிதான். சென்னையிலிருந்து துபாய்க்கு விமானப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். விமான நிலையக் காத்திருப்பையும் சேர்த்தால் ஏழு, எட்டு மணி ஆகிவிடும். விரல்கள் வலித்தனவா, கண் களைத்ததா, கணினியின் அடிப்புறம் மடியைச் சுட்டதா என்பதையும் எழுதி வையுங்கள். அம்மாலையில் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு தாள், நூறு விளம்பரங்களை விட உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

எடை குறைந்த கணினி நல்லதுதான். அதற்காக எதனைக் கைவிட்டோம் என்று அறிந்து வாங்குவோர்க்கு அது நல்ல துணை. அறியாமல் வாங்குவோர்க்கோ, நடுவழியில் அது தெரியவரும்போது கடை வெகு தொலைவில் இருக்கும். உழைத்துச் சேர்த்த பொருளைக் கொடுக்குமுன் வீட்டில் உள்ளோர் அனைவரும் ஒருமுறை கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். சபர் போவோர் நலமே சென்று, இன்ஷா அல்லாஹ், நலமே திரும்புக!